வாசலுக்கு வெளியே கேட்ட கேள்வி

எங்கள் இதழின் பெயருக்குக் கீழே ‘எந்தப் பக்கமும் சாயாதது’ என்று போட்டிருப்போம். அதைப் படித்துவிட்டுச் சிரிக்காத ஆளை வேலூரில் நான் பார்த்ததில்லை. ஒருவன் எந்தக் கட்சிப் பக்கமும் சாயவில்லை என்றால், அவனுக்கு இன்னும் விலை படியவில்லை என்றுதான் இங்கே அர்த்தம். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைதான் அலுவலகம். ஆசிரியர் பாகாயத்திலிருந்து வருவார். கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தேர்தலுக்கு முன்னால் தொகுதி தொகுதியாக மக்களிடம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் உறுதி, சாய்வு, இழுபறி என்று மூன்றில் ஒன்றைப் போடுவோம். ஆம்பூர்ப் பக்கம் கேட்பது என் வேலை.

அங்கே ஷூ கம்பெனிப் பெண்கள் எந்தப் பக்கமோ, தொகுதியும் அந்தப் பக்கம். மற்ற கணிப்புக்காரர்கள் அனுமதி வாங்கி உள்ளே போய், சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கக் கேட்டுவிட்டு வருவார்கள். அப்படிக் கேட்டால் எவள் உண்மையைச் சொல்வாள்? ஒரு சட்டமன்றத் தேர்தலுக்கு நான் வேலை விடும் நேரத்தில் வாசலுக்கு வெளியே, கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். தண்ணீர், சாலை என்று ஆரம்பித்துக் கடைசியில் ஓட்டுக்கு வருவேன்.

ஒருத்தியும் தயங்கவில்லை. “எல்லாம் நல்லாருக்கு மேடம்” என்றார்கள். ஓட்டு? “இருக்கிறவங்களுக்கேதான் மேடம்.” பளிச் பளிச்சென்று பதில். ஆசிரியரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவர் அந்தத் தொகுதிக்கு இழுபறி என்று எழுதி வைத்திருந்தார். அடித்துவிட்டு, ஆளுங்கட்சிக்கு உறுதி என்று மாற்றினார்.

வாக்கு எண்ணும் அன்று காலையில் டீ வாங்கி வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். முதல் சுற்றிலேயே நாங்கள் உறுதி என்று போட்ட ஆள் பின்தங்கினார். தபால் ஓட்டாக இருக்கும் என்றேன். அடுத்த சுற்றிலும் அதே கதை. மத்தியானத்துக்குள் தோற்றே போனார், அதுவும் படுதோல்வி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தனை முகங்களும் எனக்கு நினைவிருந்தன. அத்தனை பேரும் சேர்ந்து எப்படிப் பொய் சொல்ல முடியும்?

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எந்தக் கட்சி ஆபீஸ் நீங்கள் என்று கேட்கத்தான். ஆசிரியர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “தப்பாப் போறது தப்பில்லம்மா. ஏன் தப்பாச்சுன்னு சொல்லணும். அத சொல்லலன்னா நாம விலை போய்ட்டோம்னுதான் ஊரு பேசும். அப்புறம் இந்தப் பத்திரிகைய நடத்த முடியாது. போய்க் கேட்டு எழுது” என்றார்.

மறுநாள் சாயங்காலம் அதே வாசல். ஷூ மேல்பாகம் தைக்கும் ஒரு அக்காவை எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆலங்காயம் பக்கத்துக் கிராமம். சாப்பாட்டுக் கூடையோடு வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“இன்னா மேடம், திரும்பவும் ஆடிட்டா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஆடிட்டா? நான் தேர்தலுக்குல்ல வந்தேன்?”

“அது எங்களுக்கு இன்னா தெரியும்? ஷூ வாங்கற வெளிநாட்டுக் கம்பெனிலேர்ந்து, எங்கள ஒழுங்கா நடத்தறாங்களான்னு பாக்க ஆளு வருவாங்க. கழுத்துல கார்டு, கையில இதே மாதிரி டேப்லெட். உள்ள கேட்டா பயந்துக்கினு சொல்ல மாட்டோம்னு, வெளிய பஸ்ஸாண்ட புடிச்சுக் கேப்பாங்க. அவங்கதான் அசல் ஆடிட்டு. யாரு இன்னா கேட்டாலும் எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லணும்னு எங்க கம்பெனில கூப்ட்டு வச்சு சொல்லிக் குடுத்திருக்காங்க. கொறை சொன்னா ஆர்டர் போய்டும். ஆர்டர் போனா எங்க வேலையும் போய்டும்.”

“ஓட்டக்கூட கேட்டனே, அக்கா.”

“சங்கம், சண்டைன்னு போறவளான்னு சோதிக்கறீங்கன்னு நெனச்சோம். இருக்கிறவங்களுக்கேன்னு சொன்னா வம்பில்ல.”

சூப்பர்வைசருக்குத் தப்பி வெளியே நின்ற என் கெட்டிக்காரத்தனம்தான் என்னைக் கவிழ்த்திருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. ஆனாலும் காரணம் கிடைத்துவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. நல்லவேளை, அதை எழுதப் போகிறேன் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எழுதிடாதீங்க மேடம். சொல்லிக் குடுத்துப் பேசறோம்னு வெளிய தெரிஞ்சா ஷூ வாங்கறவங்க ஆர்டரயே நிறுத்திடுவாங்க. என்ன நம்பி வூட்ல நாலு பேரு கீறாங்க.”

ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனி பேர் இல்லாமல் எழுதலாமே என்று முதலில் பார்த்தார். ஆம்பூர் என்று போட்டாலே போதும், யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்றேன். அந்த இதழில் ‘நாங்கள் தவறிவிட்டோம், வருந்துகிறோம்’ என்று மட்டும் போட்டோம். காரணம் போடவில்லை. ஊர் அதன் காரணத்தைத் தானே எழுதிக்கொண்டது. அடுத்த தேர்தலுக்குள் இதழ் நின்றுபோனது. எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை. யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தக் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். வேறு ஏதோ காரணம், ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விட்டதாம். போன மாதம் ஆலங்காயம் பஸ்ஸில் அந்த அக்காவைப் பார்த்தேன். பாதி ஆளாக இளைத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, எப்படி இருக்கீங்க அக்கா என்று கேட்டேன். கழுத்தில் அட்டை இல்லை, கையில் டேப்லெட் இல்லை.

“எல்லாம் நல்லாருக்கு மேடம்” என்றாள்.