ஆயாக்கொட்டகையில் ஞானோபதேசம்

மலாயாவில் புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ஜெனவீவ் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தாள். நாலாம் வகுப்புதான் படிப்பு. 1951இல் சாமியாரால் மாதாமாதம் வர முடியவில்லை. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் ரோட்டில் சுடுகிறார்கள் என்று போலீஸ் தடுத்துவிட்டது. முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு ஏழு பிள்ளைகள் காத்திருந்தார்கள். "நீயே சொல்லிக் கொடும்மா" என்று சாமியார் ஞானோபதேசப் புத்தகத்தை அனுப்பி வைத்தார்.

மத்தியானம் தொட்டில்கள் காலியானதும், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வகுப்பு. பிள்ளைகள் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தார்கள். ஒருநாள் மவுரீன் கேட்டாள்: "அக்கா, மீட்புன்னா என்னா?"

ஜெனவீவ் புத்தகத்தில் இருந்ததை வாசித்தாள். ஏழு முகங்களும் அப்படியே இருந்தன. அவளுக்கே விளங்கவில்லை என்பதுதான் உண்மை.

மறுநாள் பைபிளில் மேய்ப்பன் தேடிப்போகும் காணாமற்போன ஆட்டின் கதையை நடிக்க வைத்தாள். எல்லாரிலும் சின்னவள் முரியல்தான் ஆடு. "எங்கயாச்சும் போய் ஒளிஞ்சுக்க, நாங்க தேடி வரோம்" என்றாள்.

தேடினார்கள். தோட்டத்து வீடுகளான லயத்துக்கு அடியில், குளியலறையில், கோழிக்கூட்டில்கூடப் பார்த்தார்கள். ஆட்டைக் காணோம். ஐந்து மணிக்கு லயத்தைச் சுற்றிய முள்வேலியின் கதவைச் சாத்திவிட்டு, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் உடையப்பன் ஆள் எண்ணினார்.

"ஒண்ணு குறையுதே!"

ஜெனவீவ் முன்னால் வந்தாள். "என் தப்புண்ணே. நான்தான் ஒளியச் சொன்னேன்."

கதவைத் திறக்கக் காவல்காரர் மறுத்தார். அஞ்சு மணிக்கு மேல் வெளியே தலை தெரிந்தால் சுட உத்தரவு. நெற்றியில் பட்டையாய்த் திருநீறு பூசிய உடையப்பன் அவருக்கு முன்னால் போய் நின்றார். "பிள்ள வெளிய கிடக்குது. நீயும் துப்பாக்கியோட கூட வா, இல்ல நான் மட்டும் போறேன்."

இருவரும் போனார்கள். கால்மணி நேரம் எல்லாரும் வேலியோரம் நின்று ரோட்டையே பார்த்தார்கள். பிறகு மண்டோரின் தோள்மேல் உட்கார்ந்து முரியல் வந்தாள். ரோட்டோரப் பால் ஸ்டோரில் சாக்குகளுக்குள் தூங்கிப்போயிருந்தாளாம்.

"நான்தான் ஜெயிச்சேன்! யாருமே கண்டுபிடிக்கல!" என்று மேலிருந்து கத்தினாள். லயமே சிரித்தது. அவள் அம்மா முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு அப்படியே கட்டிக்கொண்டாள்.

மவுரீன் மெதுவாக வந்து ஜெனவீவின் கையைப் பிடித்தாள். "இதானாக்கா மீட்பு?"

"இதாண்டி."

இரண்டு மாதம் கழித்து, காவலோடு லோரியில் கோலசிலாங்கூர் கோவிலுக்குப் போனார்கள். சாமியார் பரீட்சை வைத்தார்.

"நம்மை மீட்டவர் யார்?"

"இயேசு, சாமி" என்ற முரியல், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்புறம் எங்க மண்டோரு" என்றாள்.

ஜெனவீவ் தலையைக் குனிந்துகொண்டாள். விஷயத்தைக் கேட்ட சாமியார் தாடி குலுங்கச் சிரித்து, "மீட்பர் ஒருத்தர்தான்மா. ஆனா உங்க மண்டோரு நல்ல மேய்ப்பன்" என்றார். ஏழு பேரும் தேறினார்கள். புதுநன்மை அன்றைக்கு உடையப்பன் இஸ்திரி போட்ட சட்டையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

சண்டை ஓய்ந்து வேலியைப் பிரித்த பிறகும் ஜெனவீவ் பல வருஷம் ஞானோபதேசம் நடத்தினாள். கதைகளையும் நடிக்க வைத்தாள். ஊதாரி மகனாக நடிக்கும் பிள்ளை மட்டும் தூர தேசத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினால், கொட்டகைத் தூணைத் தாண்ட விடமாட்டாள்.