வயலினுக்கு எண்ணெய் போட்டார்கள்

எந்த இயந்திரத்துக்கும் எண்ணெய் இடுவதற்கு முன், அதன் பொறுப்பாளரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். ஓசூரில் நான் ஓய்வு பெற்ற தொழிற்சாலையின் பாதுகாப்பு விதிகளில் இதுவும் ஒன்று. எழுதியவன் நான்தான். என் வயலினும் அதில் அடங்கும் என்று எழுதாமல் விட்டது என் பிழை.

ஆயுத பூஜைக்குக் கச்சேரி செய்ய அழைத்திருந்தார்கள். நாற்பது வருடமாக நான் வாசிக்கும் வயலின் அது. மேடைக்குக் கொண்டுபோகும்போது எதெல்லாம் அதைக் கெடுக்கும் என்று எனக்குப் பட்டியலே உண்டு: வெயில், மழை, விளக்குச் சூடு, தரையில் கிடக்கும் ஒயர், செல்ஃபி எடுப்பவர்கள். ஒவ்வொன்றுக்கும் ஏற்பாடு செய்திருந்தேன். பக்தி அந்தப் பட்டியலில் இல்லை.

பூஜை மேஜையில் வயலினையும் வைக்கச் சொன்னார்கள். பெட்டியைத் திறந்து வைத்தேன். "தொடக் கூடாது" என்று எழுதிய அட்டையையும் சாத்தினேன். பொங்கல் சாப்பிட்டுத் திரும்பப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வயலினின் வயிற்றில் மூன்று சந்தனப் பொட்டுகள். அதுவே போதுமான அதிர்ச்சி. பிறகுதான் தந்திகளை முறுக்கும் பிரடைகள் பளபளப்பதைப் பார்த்தேன். பக்கத்தில் எண்ணெய் கேனோடு பராமரிப்புப் பிரிவின் ஃபிட்டர் நின்றிருந்தார். அஞ்செட்டிக்காரர், தங்கமான மனிதர்.

"நாலும் டைட்டா இருந்துச்சி சார். ஆயில் உட்டிருக்கன். இப்ப வெண்ணெயாட்டம் சுத்தும் பாருங்க."

பிரடை இறுக்கமாக இருந்தால்தான் தந்தி நிற்கும்.

"வில்லுல ஒரே மாவா இருந்துச்சி சார். அதையும் தொடச்சி, லேசா ஆயில் தடவிட்டன்."

அந்த மாவு ரோசின். அது இல்லாவிட்டால் வில் தந்தியைப் பற்றாது, ஒலி எழாது.

"அட்டை வச்சிருந்தேனேப்பா!"

"அது ஓடுற மெஷினுக்குத்தான சார்? நின்ன மெஷினுக்கு ஆயில் உடலாம்னு நீங்கதான க்ளாஸ் எடுத்தீங்க?"

எடுத்தேன். வருடத்துக்கு இரண்டு முறை.

ஒரு பிரடையைத் திருப்பினேன். கையை எடுத்ததும் அது தானாகச் சுழன்று, தந்தி தொய்ந்து விழுந்தது. மற்ற மூன்றும் அப்படியே. என்னோடு வாசிக்க வந்த மிருதங்கக்காரர், அவரும் பழைய சக ஊழியர், எட்டிப் பார்த்தார். "என்னய்யா சேஃப்டி ஆபீசரு, உன்னுதுக்கே சேஃப்டி இல்லியா?" அன்று அவர் தனியாகவே வாசித்தார். நல்ல கைதட்டல்.

மறுநாள் பெங்களூரில் வயலின் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் முகர்ந்து பார்த்தார். "எந்த எண்ணெய்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கபடி எடுக்கறேன். தெரியாம கை வெக்க மாட்டேன். ஒரு மாசம் தாண்டினா மரம் குடிச்சிரும். அப்புறம் பிரடை இருக்கிற தலையை அறுத்து வேற ஒட்டணும்."

ஃபிட்டருக்கு எண்ணெயின் பெயர் தெரியாது. டிரம்மில் லேபிள் உரிந்துவிட்டதாம். ஸ்டோரில்தான் பதிவு இருக்கும். ஸ்டோரில் கேட்டேன். ரசாயன விவரங்களை வெளியாருக்குத் தருவதற்கு எழுத்துமூல விண்ணப்பமும் மூன்று கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். அந்த விதியையும் எழுதியவன் நான். அன்றே விண்ணப்பித்தேன்.

ஃபிட்டர் போன் செய்தார். "நானே போயி கேட்டன் சார். என்னையும் லெட்டர் எழுதினு வரச் சொல்றாங்க."

தீபாவளிக்குள் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன், கார்த்திகை தீபத்துக்குள் இன்னொன்று. மார்கழி பிறந்ததும் பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தது. இனிக் காத்திருப்பதில் பயனில்லை என்றார். சரி என்றேன். போய்ப் பார்த்தபோது, நாற்பது வருடம் என் வலது பாதத்தில் ஊன்றியிருந்த அந்தச் சுருள் தலை மரத்தூளுக்கு நடுவில் தனியாகக் கிடந்தது. தொட்டேன். இன்னும் பிசுபிசுத்தது.

தொழிற்சாலையின் பதில் பதிவுத் தபாலில் வந்தது. மூன்று கையெழுத்தும் இருந்தன. எண்ணெயின் பெயர், தர எண், அதை மரத்திலிருந்து எடுக்கும் முறை எல்லாம் தெளிவாக இருந்தன. உடனே செய்தால் கறை முழுவதும் போய்விடும் என்ற குறிப்பும் இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட நாள், போகி.