சூசின் தன் கணினியை மாற்றவில்லை

லியென் சூசின் என்ற பெண்மணி, வயது அறுபத்து மூன்று, தைவானின் கீலுங் துறைமுகத்தின் சரக்குப்பெட்டி முற்றத்தில் இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்தவர். எந்தப் பெட்டி கப்பலில் எந்த இடத்தில் ஏற வேண்டும் என்று திட்டம் போடுவது அவர் வேலை. திட்டப்படி ஏறியதா என்று கப்பல் தளத்தில் நின்று சரிபார்த்துக் குறிப்பது என் வேலை. அத்தனை ஆண்டுகளில் அவர் திட்டங்களில் நான் கண்ட பிழைகள் நான்கு. அவற்றில் இரண்டை மட்டும்தான் அவர் ஒப்புக்கொண்டார்.

2017 மார்ச் 11 அன்று தைபேக்குப் போய்ப் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிவந்து, சமையலறை மேசையில் வைத்துத் தானே ஒரு கணினியைக் கோத்தார். கீலுங்கின் ஈரமும் உப்புக்காற்றும் இரும்பைத் தின்பவை. அதனால் கணினி இருக்கும் அறையில் ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்று இரவு பகலாக ஓடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணினியைத் திறந்து தூரிகையால் தூசி தட்டுவார். எட்டரை ஆண்டுகளில் ஒரு விசிறி மட்டும் மாற்றியிருக்கிறார்.

அந்தக் கணினியில் அவர் ஆடுவது 'ஒன்பது தீவுகள்' என்ற இணைய விளையாட்டு. எங்கள் அணியில் ஐந்து பேர். தலைவர் தூ வெய்லுன், பல் மருத்துவர், வயது முப்பத்தொன்பது. பெய்ஜென்னும் அவள் கணவன் ஆகுன்னும் காலை உணவுக்கடை நடத்துபவர்கள். பிறகு சூசின், நான். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சேருவோம். மற்ற அணிகள் ஒலிவாங்கியில் பேசிக்கொண்டே ஆடும். நாங்கள் எழுதித்தான் பேசுவோம். கப்பல் தளத்து இரைச்சலில் என் வலக்காது போய்விட்டது, இடக்காதில் பாதிதான் மிச்சம். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினால் எனக்குச் சோறு கொதிப்பது போல் கேட்கும்.

செப்டம்பர் 20 முதல் நாங்கள் உப்புக்கோட்டையின் கடைசி மண்டபத்தில் முட்டிக்கொண்டிருந்தோம். அங்கே ஓர் எதிரியை வீழ்த்த வேண்டும்; அதற்குள் தரை கட்டம் கட்டமாக இடியும், மின்னல் விழும். யார் எந்த இடத்துக்கு ஓட வேண்டும் என்று நான்கு விநாடிக்குள் ஒருவர் கணித்து எழுத வேண்டும். அந்த ஒருவர் சூசின். கட்டங்களை அவ்வளவு வேகமாகப் படிக்க எங்களில் வேறு யாருக்கும் வராது.

அக்டோபர் 14 அன்று அவர் கணினியில் இருந்த பழைய விண்டோஸுக்கு ஆதரவு நின்றது. புதியதை ஏற்றப் பார்த்தபோது, இந்தக் கணினி தகுதி பெறவில்லை என்று திரையில் வந்தது. மற்றவர்கள் அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போயிருப்பார்கள். சூசின் ஐந்து நாள் படித்தார். அக்டோபர் 19, ஞாயிறு, காலை பத்து மணிக்கு விண்டோஸை முழுவதும் அழித்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினார். விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டை லினக்ஸில் ஓடவைக்க இடையில் ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருள் உண்டு. அதையும் போட்டார். மாலை நான்கு மணிக்கு விளையாட்டு திறந்தது. முன்பைவிடச் சற்று வேகமாகவே ஓடியது.

அக்டோபர் 25 அன்று மண்டபத்துக்குள் போனபிறகுதான் கோளாறு தெரிந்தது. நாங்கள் சீனத்தை ஒலிக்குறிகளைத் தட்டி, திறக்கும் சிறு பெட்டியில் எழுத்தைத் தேர்ந்து எழுதுபவர்கள். விளையாட்டுக்குள் அந்தப் பெட்டி திறக்கவே இல்லை. ஆங்கில எழுத்தும் எண்களும் மட்டும் விழுந்தன. ஆங்கில எழுத்தில் சீனத்தை எழுத தைவானில் யாருக்கும் பழக்கம் இல்லை. ஆறு நிமிடத்தில் ஐந்து பேரும் செத்தோம்.

மறுநாள் காலை பெய்ஜென்னின் கடையில் கூடினோம். வெய்லுன் முள்ளங்கிப் பணியாரத்தைக் குச்சியால் பிய்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அக்கா, ஒரு புது மிஷின் வாங்கிடுங்களேன். எதுக்கு இந்த வம்பு?"

"இருக்குறதுக்கு என்ன கேடு? ஓடுதுல்ல?"

"தகுதி இல்லன்னு அதுவே சொல்லிருச்சே."

"தகுதி கேட்டு நான் யார்கிட்டயும் விண்ணப்பம் போடலையே. டாக்டரே, ஆடுற பல்லைப் பிடுங்குங்க, சரி. ஆடாத பல்லையும் பிடுங்கச் சொன்னா எப்படி?"

தோசைக்கல்லின் முன்னால் நின்ற பெய்ஜென் சிரித்துவிட்டாள். வெய்லுன் சிரிக்கவில்லை.

"உங்களால எழுத முடியல. அதுதான விஷயம். இனிமே எல்லாரும் மைக்ல பேசுவோம்."

"அண்ணன் என்ன பண்ணுவாரு?" சூசின் என்னைக் காட்டிக் கேட்டார்.

"பெரியப்பா கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கட்டும்." பணியாரத்தைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் என் இடக்காதுப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

சூசின் சோயாப்பால் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "மிஷினையும் தூக்கிப் போடணும், மனுஷனையும் தூக்கிப் போடணும். உங்களுக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும் போல."

"அப்ப எனக்கு வழி சொல்லுங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும் சாகவா நான் கிளினிக்கை மூடிட்டு வர்றேன்?"

அது நியாயமான கேள்விதான். கடைசியில் இப்படி முடிவானது: மூன்று சனிக்கிழமை. நவம்பர் 1, 8, 15. அதற்குள் மண்டபத்தை வெல்லாவிட்டால் இடம் சொல்லும் வேலை பெய்ஜென்னுக்குப் போகும், அணி ஒலிவாங்கிக்கு மாறும்.

"எனக்கு வேணாம் அந்த வேலை" என்றாள் பெய்ஜென். "முட்டை கருகுதான்னு பாக்கவே எனக்குக் கண்ணு பத்தல."

"உனக்கு வராது, கவலைப்படாத" என்றார் சூசின்.

அன்று மாலை 4:10 மணிக்கு அவர் என் வீட்டுக்கு வந்து மேசையில் ஒரு தாளை விரித்தார். மண்டபத்தை மேலிருந்து பார்த்தபடி வரைந்து கட்டம் போட்டிருந்தது.

"அண்ணே, எண் மட்டும் ஒழுங்கா விழுது. இதைப் பாருங்க."

ஒரு நிமிடத்துக்குள் எனக்கு விளங்கிவிட்டது. மண்டபத்தை அவர் ஒரு கப்பலாக்கியிருந்தார். துறைமுகத்தில் ஒவ்வொரு பெட்டியின் இடத்தையும் ஆறு இலக்கத்தில் சொல்வோம். முதல் இரண்டு, முகப்பிலிருந்து எவ்வளவு தூரம். அடுத்த இரண்டு, நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது வரிசை. கடைசி இரண்டு, உயரம்: 82 என்றால் மேல்தளம், 02 என்றால் அடிப்பள்ளம். விசைப்பலகையில் ஆறு விசை தட்ட அவருக்கு ஒன்றரை விநாடி போதும். சொல்லாக எழுதியதைவிட இது வேகம். தாளை நகலெடுத்து மற்ற மூவருக்கும் அனுப்பினார்.

நவம்பர் 1. முதல் ஒன்பது நிமிடம் பெட்டி ஏற்றுவது போலவே போனது. வெய்லுன் 050382-இல் நின்றார். சூசின் அவருக்கு 050482 என்று தட்டினார். மூன்றுக்கு அடுத்தது நான்கு என்று அவர் வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்து, நேரே மின்னலுக்குள் போய் நின்றார். தலைவர் செத்தபின் நாங்களும் நிற்கவில்லை. வெய்லுன் உடனே கைப்பேசியில் குழுவுக்குள் எழுதினார்.

"சொன்ன இடத்துலதான நின்னேன்?"

"இல்ல. நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் ஒத்தைப்படை, இடப்பக்கம் ரெட்டைப்படை. தாள்ல முதல் வரியே அதுதான். படிச்சீங்களா?"

"எந்த ஊர்லக்கா மூணுக்குப் பக்கத்துல நாலு இல்லாம இருக்கும்?"

"கிளினிக் ஜன்னலைத் திறந்து பாருங்க. வெளிய நிக்குற அத்தனை கப்பல்லயும்."

வெய்லுனின் மருத்துவமனை துறைமுகத்தைப் பார்த்தபடிதான் இருக்கிறது. அவர் திறந்து பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 6, வியாழன், விளையாட்டுக்குப் புதுப்பிப்பு ஒன்று வந்தது. அதை ஏற்றியபின் சூசின் கணினியில் கறுப்புத் திரைதான். விளையாட்டு நிறுவனம் கையைக் கழுவிவிட்டது: லினக்ஸில் ஆடுவோர் தம் பொறுப்பில் ஆடலாம், உதவி கிடையாது. வெய்லுன் அந்த வரியைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். வெள்ளிக்கிழமை மாலை நான் அவர் வீட்டுக்குப் போனேன். மேசையில் ஏழு தாள். எந்த அமைப்பை எத்தனை மணிக்கு மாற்றினார், என்ன ஆயிற்று என்று வரிசையாகக் குறித்திருந்தார்.

"விட்டுடலாமா? நான் ஒதுங்கிக்குறேன். எனக்கொண்ணும் வருத்தம் இல்ல" என்றேன்.

"உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு. ஓரமா நகருங்க, வெளிச்சத்தை மறைக்குறீங்க."

பதினான்காவது முயற்சியில், 6:35 மணிக்கு, இடையில் நிற்கும் மென்பொருளின் முந்தைய பதிப்பைப் போட்டபோது கறுப்பு விலகி விளையாட்டு திறந்தது.

நவம்பர் 8 அன்று எதிரியின் உயிரில் நூற்றுக்கு ஆறு மிச்சம் இருக்கையில் தோற்றோம். ஆகுன் கால் விநாடி தாமதம். "கையில மாவு" என்று எழுதினான். வெய்லுன் அன்று 04-க்கு இடப்பக்கமே ஓடினார். இரண்டு முறை, இரண்டும் சரி.

நவம்பர் 15, பிற்பகல் 3:02 மணிக்கு உள்ளே போனோம். நாற்பத்தொரு நிமிடம். சூசின் தட்டிய இடங்கள் நூற்று முப்பத்தெட்டு. பிழை ஒன்றும் இல்லை. நான் ஒருமுறை தடுமாறி 02-இல், அடிப்பள்ளத்தில், விழுந்தேன். என்னைத் தூக்கிவிட்டு, தன் இடத்துக்குத் திரும்ப அவருக்கு நேரம் இருந்தது. 3:43-க்கு மண்டபத்தின் கதவு திறந்தது. பெய்ஜென் வரிசையாகப் பூ வடிவங்களை அனுப்பினாள்.

பிறகு வெய்லுன் குழுவில் எழுதினார்.

"அக்கா, ஒத்துக்குறேன். இடம் சொல்றது நீங்கதான். பெரியப்பாவும் இருக்கட்டும். ஆனா ஒரே ஒரு வார்த்தை குடுங்க. நாளைக்கு கம்பெனி லினக்ஸ்காரங்களுக்குக் கதவைச் சாத்திட்டா, புது மிஷின் வாங்கிடுவீங்கல்ல?"

"மாட்டேன்."

"அப்ப அணி என்னாகும்?"

"கதவைச் சாத்துனா அந்த விளையாட்டை விட்டுட்டு வேற விளையாட்டுக்குப் போவேன். இதுல ஓடுறது ஆயிரம் இருக்கு. கூட வர்றவங்க வரலாம். நான் வாங்கி, நான் கோத்து, நான் துடைச்சு வச்ச மிஷின் இது. இது எப்ப சாகணும்னு எங்கயோ உக்காந்துக்கிட்டு ஒருத்தன் தேதி குறிப்பான், நான் மாலையோட நிக்கணுமா? இன்னொண்ணு டாக்டரே. 'இருக்கட்டும்'னீங்களே, அண்ணன் இங்க இருக்க உங்ககிட்ட அனுமதி கேட்டது யாரு?"

இரண்டு நிமிடம் பத்து விநாடியில் அடுத்த தீவின் வாசலுக்கு நாங்கள் வந்து சேர்ந்திருந்தோம். அங்கே தரை ஏற்கெனவே விரிசல் விட்டுக்கொண்டிருந்தது.

"நான் எங்க நிக்கணும்க்கா?" என்று வெய்லுன் கேட்டார்.

சூசின் ஆறு இலக்கம் தட்டினார். வெய்லுன் இடப்பக்கம் ஓடினார்.