லாமாண்ட்டின் கடைசிப் பாய்ச்சல்

அமெரிக்கக் கால்பந்தில், எதிரணிக்காரன் பந்தைப் பிடித்துவிடாதபடி அவனை ஒட்டியே ஓடும் கார்னர்பேக் இடத்தில் எட்டு வருடமாக லாமாண்ட் பிக்கெட்தான் முதல் ஆள். முப்பத்தொரு வயதில் அந்த இடத்துக்குப் போட்டியாக வந்து நின்றான் இருபத்திரண்டு வயது க்வின்ஸி. கடைசிப் பயிற்சி ஆட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பதாகக் கோச் சொல்லிவிட்டார்.

லாமாண்ட்டின் பின்தொடைத் தசை பத்து நாள் முன்பே கிழிந்திருந்தது. அணி மருத்துவரிடம் அவன் மூச்சுவிடவில்லை. இந்த வயதில் வேறு எந்த அணி கூப்பிடும்? கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொடையில் இறுக்கமாகப் பட்டை சுற்றினான், வலி மாத்திரையை விழுங்கினான், ஆட வந்துவிட்டான்.

முதல் பாதியிலேயே இரண்டு முறை பின்தங்கினான்.

"என்ன தாத்தா, மூச்சு வாங்குதா?" என்று எதிரணிக்காரன் சிரித்தான்.

மூன்றாவது முறை, ஓடி எட்ட முடியாது என்று தெரிந்து, பந்து வரும் இடத்தை ஊகித்து முன்னதாகவே குறுக்கே பாய்ந்தான். பந்து கைக்குள் வந்து விழுந்தது. அரங்கமே எழுந்து கத்தியது.

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு நீதான்டா!" என்று கோச் முதுகில் தட்டிவிட்டு நகர்ந்தார்.

பெஞ்சில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. க்வின்ஸி வந்து குனிந்தான்.

"என் தோளப் பிடிச்சுக்கங்கண்ணே. கோச் இன்னும் பாக்கல."

"என் கால் விஷயம் உனக்குத் தெரியுமா?"

"ஒரு வாரமாத் தெரியும்."

"ஏன்டா போட்டுக்குடுக்கல?"

"உங்கள ஓடி ஜெயிக்கணும்னு நெனச்சேன்."

லாமாண்ட் அந்தத் தோளைப் பற்றி எழுந்தான். இரண்டாவது அடியில் கால் மடங்கி விழுந்தான். கோச் திரும்பிப் பார்த்தார். மறுநாள் ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை ஆட்டப் பட்டியலில், லாமாண்ட்டின் இடத்தில் க்வின்ஸியின் பெயர் இருந்தது.