அரிசிக்குள் கிடந்த கண்ணாடி

டின்னில் அரிசி கொட்டும்போது எழும் அந்த மாவு வாசம் என்னை வெஸ்ட்கேட்டின் இந்தப் புது வீட்டிலிருந்து இதே நகரின் மறுபக்கத்தில் எண்பதுகளில் நாங்கள் இருந்த த்ரீ கிங்ஸ் பகுதிக்கு, எங்கள் வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த போபா அக்காவின் குசினிக்குக் கொண்டுபோய்விடும். கம்போடியாவில் எழுபதுகளில் நடந்த படுகொலைகளில் குடும்பம் முழுவதையும் பறிகொடுத்து வந்தவர் அவர். மழைப் பின்னேரங்களில் அவர்களைப் பற்றித்தான் கொப்பி கொப்பியாக எழுதிக்கொண்டிருப்பார்.

நான் கதவைத் தட்டினால் முதலில் கதிரை நகரும், பிறகு டின் மூடி விழும், அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும். அவர் மூக்கில் கண்ணாடி அழுத்திய தடம் மட்டும் சிவந்திருக்கும். நான்தான் என்று கண்ட பிறகு, அரிசிக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொள்வார்.

"அவையின்ர நாட்டில கண்ணாடி போட்டவையைப் படிச்ச ஆக்கள் எண்டு உயிரோட விடேல்லை. நீ போய்க் கேட்டுக்கீட்டு வைக்காத," என்றார் அம்மா.

நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. படலையடியிலிருந்தே "அக்கா, நான்தான்" என்று கத்திக்கொண்டு போகத் தொடங்கினேன். தமிழ் தெரியாதவருக்கு என் குரல் பழகிவிட்டது. ஒருநாள் மூடிச் சத்தமே கேட்கவில்லை. கண்ணாடியோடு வந்து கதவைத் திறந்தார்.

பிறகு அவர் புத்தகங்கள் எழுதினார், மனித உரிமைக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். எல்லா அட்டைப் படங்களிலும் கண்ணாடி இருக்கிறது. இப்போது அவரும் இல்லை, அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள். ஆனாலும் அரிசிக்குள் ஒருமுறை கையை விட்டுத் துழாவாமல் என்னால் டின்னை மூட முடிவதில்லை.