வாஸ்து நேரத்தில் ஒரிஜினல் கேட்டவர்

வியாழக்கிழமை காலை அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாலிடெக்னிக்கின் உதவியாளர் செல்வி உள்ளே வந்து கதவருகிலேயே நின்றுவிட்டாள். “மேடம், நம்ம தணிகாசலம் சார் தவறிட்டாராம். திருக்கோவிலூர்ல அவங்க தங்கச்சி வூட்ல இருந்தாராம். விடியகாலம் நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தாராம், வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்” என்றாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை நாளை, நாளை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவள் நான். இனி அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் சொல்லிக்கொடுத்தவர் தணிகாசலம் சார். நான் அங்கே அலுவலகக் கண்காணிப்பாளர். ஒல்லியான உடம்பு, அரைக்கைச் சட்டை, எதையும் இருமுறை படிக்கிற பழக்கம். எந்த ஜெராக்ஸை நீட்டினாலும் “ஒரிஜினல் எங்க?” என்பார். ஒருமுறை வகுப்பறைகளுக்கு வயரிங் செய்ய வந்த எலக்ட்ரீஷியனிடமும் அதையே கேட்டார். அவன் கோபித்துக்கொண்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். சித்திரை வெயிலில் ஒரு வாரம் மின்விசிறி இல்லாமல் வெந்தோம். “உங்க தாலியில போட்ட குண்டுமணிக்கும் ஒரிஜினல் கேப்பாரு மேடம்” என்று செல்வி என்னைக் கிண்டல் செய்வாள். ‘ஒரிஜினல் சார்’ என்று அவருக்குப் பெயர் வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

கச்சிராயபாளையம் சாலைப் பக்கம் எங்களுக்கு ஒரு மனை இருந்தது. என் கணவர் ஏழுமலை குத்தகை நிலத்தில் மரவள்ளி போடுகிறவர். எங்களுக்கென்று இருந்தது அந்த மனை ஒன்றுதான். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாடகை வீடு மாறி மாறி எனக்குச் சலித்துவிட்டது. வீடு கட்டுவது என்று முடிவானதும், என் நாத்தனாரின் கொழுந்தன் குணசேகரன் கட்டித்தருவதாகச் சொன்னார். சென்னையில் பல கட்டடம் எடுத்துச் செய்தவர் என்று பேர். மனையின் நீள அகலத்துக்கு ஆயப் பொருத்தம் பார்த்தோம். தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி நீரோட்டம் பார்த்தோம். வாசக்காலுக்கு எந்த மரம் ஆகும் என்று ஜோசியரைக் கேட்டோம். கட்டப்போகிறவருக்கு உரிமம் உண்டா என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. சம்பந்தி வீட்டு ஆளிடம் அதையெல்லாம் எப்படிக் கேட்பது?

தணிகாசலம் சார் கேட்டார். தினமும் கேட்டார். “மேடம், அக்ரிமென்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னால அந்த ஆளு லைசென்ஸ பாத்தீங்களா? நகராட்சியில பதிவு இருக்குதான்னு பாத்தீங்களா?”

“சொந்தக்காரரு சார்.”

“சொந்தக்காரருன்னா கம்பி தன்னால நேரா நின்னுக்குமா?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் அவர் வாயை அடைக்கவாவது, பூஜையன்று உரிமத்தைக் கொண்டுவரும்படி குணசேகரனிடம் சொல்லிவைத்தேன். சாரையும் பூஜைக்கு அழைத்தேன். தாளை நேரில் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார் என்று நினைத்தேன்.

வைகாசி வாஸ்து நாள். வாஸ்து புருஷன் விழித்திருக்கும் நேரத்தில் முப்பத்தாறு நிமிடம்தான் மனை கோல உகந்தது என்பார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்தது ஆடியில். ஆடியில் கடைக்கால் தோண்ட என் மாமியார் ஒப்பமாட்டார். ஆவணி வரை காத்திருக்க வேண்டும். அதனால் அந்த நிமிடங்களுக்குள்ளேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அதைத் தாம்பாளத்தில் வைத்து ஐயரிடம் கொடுத்து, முதல் கல்லை வைப்பதாக ஏற்பாடு. ஈசானிய மூலையில் குழி வெட்டியிருந்தார்கள். நாத்தனார் புதுச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். என் கையில் பேனா இருந்தது.

குணசேகரன் கைப்பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து, சிரித்தபடி சாரிடம் நீட்டினார். “நல்லா பாத்துக்குங்க சார். அப்பால மேடம் தைரியமா போடட்டும்.”

சார் படித்தார். மறுபடி படித்தார். தாளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அவர் முகம் வெளிறிப்போவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

“இது யாரோட லைசென்ஸ் தம்பி?”

“என்னுதுதான் சார். பேரு போட்டிருக்குதில்ல?”

“ஒரிஜினல் எங்க?”

“சென்னையில இருக்குது. இப்ப இன்னா அவசரம் அதுக்கு?”

என் கணவர் பொறுமையிழந்தார். “சார், தப்பா நினைக்காதீங்க. நேரம் போய்க்கினே இருக்குது. அத நாளைக்கு பாத்துக்கலாம்.” நாத்தனார் எனக்குக் கேட்கும்படியே, “யார் வூட்டு பூசையில யாரு வந்து பஞ்சாயத்து பண்றது?” என்றாள். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றார். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பேனா முனை தாளில் பட்டும்விட்டது.

“போடாதீங்க மேடம்” என்றார் சார். “அந்த நம்பர் என்னுது.”

யாருக்கும் புரியவில்லை. அவரே சொன்னார். குரல் உயரவே இல்லை. முன்பு அவர் பதிவு பெற்ற பொறியாளராக இருந்தார். ஒரு கான்ட்ராக்டருக்குத் தன் உரிமத்தை இரவல் கொடுத்திருந்தார். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதோடு சரி, கட்டடத்தைப் போய்ப் பார்ப்பதில்லை. அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒன்று கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம், சுற்றுலா வருகிறவர்களுக்கான தங்கும் விடுதி. “நான் ஒரு நாள் கூட மலையேறிப் போய்ப் பாக்கல. சென்ட்ரிங் முட்டு பிரிச்ச அன்னிக்கு போர்ட்டிகோ தளம் அப்படியே வுழுந்துச்சு. கீழ ஒரு மேஸ்திரி நின்னுக்கினு இருந்தாரு. அவருக்கு ரெண்டு பசங்க.” தாளை மடித்தார். “அந்த வாரமே லைசென்ஸ திருப்பிக் குடுத்துட்டேன். நம்பர் எனக்கு மறக்காது. இந்தத் தம்பி அந்த கான்ட்ராக்டர்கிட்ட சூப்பர்வைசரா இருந்திருக்கணும். என் பேர அழிச்சிட்டு அவரு பேர ஏத்தியிருக்காரு.”

குணசேகரன் மறுக்கவில்லை. சட்டென்று எதிர்க்கேள்வி போட்டார். “அப்ப நீதான ஆள கொன்னவன்? நீ வந்து என்னை கேக்கறியா?”

“ஆமா” என்றார் சார். “அதனாலதான் கேக்கறேன்.”

ஐயர் இன்னும் நான்கு நிமிடம் என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் இரண்டு பெண்களும் குழியின் ஓரத்தில் நின்று, பூஜைக்கு வைத்திருந்த செங்கல்லில் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவை மூடினேன். நல்ல நேரம் எங்கள் கண்ணெதிரே கழிந்தது. பிறகு நாத்தனார் தாம்பாளத்தைத் தட்டிவிட்டுக் காரில் போய் ஏறினாள். அன்றிலிருந்து அவள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. என் கணவர் அந்த மாதம் முழுவதும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதுவரை நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். குணசேகரன் தரப்பு அதை ஊரெல்லாம் வேறு விதமாகப் பரப்பிவிட்டது. ‘லைசென்ஸை விற்று ஆளைக் கொன்றவர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்’ என்ற பேச்சு நிர்வாகத்தின் காதுக்கும் போனது. ஒரு மதியம் தாளாளர் அறையில் விசாரணை. உண்மையா என்று கேட்டார்கள். உண்மை என்றார் சார். என் மனையில் நடந்ததால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“அவர் அப்படிச் சொன்னாரா மேடம்?”

“சொன்னார்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதை ஏன் சொன்னார், யாரும் கேட்காதபோது யாருக்காகச் சொன்னார் என்பதை நான் சொல்லவில்லை. வீட்டுக் கடனுக்காக வங்கி கேட்ட என் பணிச் சான்று, கையெழுத்தாகாமல் அதே தாளாளரின் மேஜைமேல் கிடந்தது. அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னால் பார்க்க முடிந்தது. எனக்கு வீடு வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சார் அங்கேயே ஒரு தாள் வாங்கி, தாமாகவே விலகுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு எழுந்தார்.

மாடிப்படியில் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார். “நீங்க ஏன் மேடம் பேசணும்? நீங்க அன்னிக்கு கையெழுத்து போடல. எனக்கு அது போதும்.” பிறகு, நான் மறந்துவிடுவேனோ என்று பயந்தவர் போல, “அடுத்த ஆள பாக்கும்போது நீங்களே நகராட்சிக்குப் போங்க. ஜெராக்ஸ வச்சிக்கினு வந்துடாதீங்க. ரெஜிஸ்டர்ல பேரும் ஆளும் ஒண்ணுதானான்னு பாருங்க. இந்த வருஷம் புதுப்பிச்சிருக்காங்களான்னு பாருங்க. அவரு முன்ன கட்டின வூட்டுக்காரங்கள போய்க் கேளுங்க. கையெழுத்து போட்டவரே சைட்டுக்கு வருவாருன்னு அக்ரிமென்ட்ல எழுதி வாங்குங்க. அதுதான் முக்கியம்” என்றார்.

ஆவணியில் வேறொரு பொறியாளரோடு ஒப்பந்தம் போட்டோம். சார் சொன்ன ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். அந்தப் பொறியாளர் முன்பு கட்டிய இரண்டு வீடுகளுக்கு என் கணவரே போய் விசாரித்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர், “உங்க சார கூப்பிட்டு சொல்லு, ஆளு சுத்தம்னு” என்றார். அவர் கோபம் அன்றோடு தீர்ந்தது.

தளத்துக்கு முட்டுப் பிரிக்கும் நாள் சாருக்கு எப்படித் தெரிந்ததோ, வேலையை விட்டபின் தங்கை வீட்டுக்குப் போயிருந்தவர் திருக்கோவிலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கான்கிரீட் போட்டு எத்தனை நாள் ஆகிறது என்று பொறியாளரிடம் கேட்டார். எங்களையெல்லாம் தெருவுக்கு அனுப்பினார். கடைசி முட்டு இறங்கும்வரை வேலையாட்களை ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு, தளத்துக்கு அடியில் நிற்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்தபின் டீ கொடுத்தேன். வாங்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

நேற்று திருக்கோவிலூரில், மாலையை வைத்துவிட்டுத் திரும்பும்போது, நம்மில் இருவர் இன்னமும் லைசென்ஸ் விவகாரத்தைப் பேசிக்கொண்டு நின்றதைக் கேட்டேன். ஆமாம், அவர் கொடுத்தார். அதனால் ஒரு மேஸ்திரி செத்தார். அதை அவர் ஒருநாளும் சின்னதாக்கிப் பேசியதில்லை. அதனால் நானும் சின்னதாக்கப்போவதில்லை. ஆனால் இங்கே யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மனையில், முப்பது பேர் முன்னால், தன் மானத்தையும் வேலையையும் இழப்போம் என்று தெரிந்தே, என் பேனா முனை தாளில் பட்டுவிட்டதைப் பார்த்து அவராகச் சொன்னார்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்த வீடு. என் பெண்கள் அதனுள்ளே பயமில்லாமல் தூங்குகிறார்கள். அவருக்கு நான் கொடுத்தது, தாளாளர் அறையில் என் மௌனம். படிக்கட்டில் அவர் போதும் என்று சொன்னாரே, அது போதவில்லை. அன்று அந்த அறையில் நான் சொல்லியிருக்க வேண்டியதை, ஒரு வார்த்தை குறையாமல், இதோ எழுதிவிட்டேன். தாளாளருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது.