வில்மா எழுதிய மூன்றாவது விளம்பரம்

வில்மாவின் வாழ்க்கையில் புதிதாக எதுவுமே வந்ததில்லை. இது அவள் சொல்வது. அவள் அக்கா யோலானிடம் கேட்டால், "ஏன், செகெத் ஊர் முழுக்க டிராம் ஓட்டினாளே, அது புதுசு இல்லையா?" என்பாள். இல்லை. அந்த டிராமும் ஜெர்மன்காரர்கள் ஓட்டித் தேய்த்துவிட்டு நம் தலையில் கட்டியது.

யோலான் இரண்டு வயது மூத்தவள். கோட்டு, பூட்ஸ், பள்ளிக்கூடப் பை எல்லாம் முதலில் அவளுக்குத்தான் வரும். இரண்டு வருஷம் அவள் வாசனை ஏறி ஊறிய பிறகு வில்மாவிடம் வந்து சேரும். சரி, கஷ்டப்பட்ட குடும்பத்தில் நடப்பதுதான் என்று விட்டுவிடலாம். ஆனால் புருஷன்? திராட்சை அறுவடை நடனத்தில் எர்னோ முதலில் கை நீட்டியது யோலானிடம். அவள் "கால் வலிக்குது" என்று சொன்ன பிறகுதான் அவன் பக்கத்து நாற்காலியில் இருந்த வில்மாவைப் பார்த்தான். முப்பது வருஷம் குடும்பம் நடத்தினார்கள். நல்ல மனிதன். ஆறு வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல சட்டையாகத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு யோலி வர்றாளா?" என்று கேட்பானே, அதை மட்டும் வில்மா இன்னும் மன்னிக்கவில்லை.

நாய் ஆசை வந்ததும் யோலானைப் பார்த்துத்தான். யோலானிடம் ஜூனோ என்று விஷ்லா ஜாதி வேட்டைநாய் ஒன்று இருந்தது. செம்புநிறம், நீண்ட காது, தாத்தாவுக்குத் தாத்தா பெயர் வரை எழுதிய வம்சாவளிச் சான்றிதழ். சிக்னலில் டிராம் நிற்கும்போதெல்லாம் வில்மாவின் கண்ணில் அதுதான் படும்: நடைபாதையில் அக்கா, பக்கத்தில் அந்த நாய், "அடேயப்பா, என்ன அழகு!" என்று நின்று பார்க்கும் முன்பின் தெரியாதவர்கள். வில்மா காலடியில் இருக்கும் மணியை ஓங்கி ஒரு மிதி மிதிப்பாள். பாதையில் யாரும் குறுக்கே இருக்கமாட்டார்கள். டிராமுக்குள் இருப்பவர்கள்தான் தூக்கிவாரிப்போட்டு உட்காருவார்கள்.

பிப்ரவரியில் ஜூனோ செத்துப்போனது. பதிமூன்று வயது. வில்மா ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள், நிஜமாகவே அழுதாள். "இனிமே எனக்கு நாயே வேணாம் வில்மி, இன்னொரு தடவ தாங்காது" என்றாள் யோலான். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது வில்மாவுக்கு ஒன்று தோன்றியது. இப்போது தனக்கு ஒரு நாய் வந்தால், வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னிடம் இருப்பது அக்காவிடம் இருக்காது. தோன்றியதும் வெட்கமாக இருந்தது. வெட்கம் பாலத்தைத் தாண்டுவதற்குள் போய்விட்டது, யோசனை போகவில்லை.

நாற்பது வருஷ வேலை முடிந்து மார்ச்சில் ஓய்வு பெற்றாள். டிப்போவில் கேக் வெட்டிய அன்று நோமி வந்து ஒட்டிக்கொண்டாள். நோமி டிக்கெட் பரிசோதகர், முப்பது வயது, ஓய்வு நேரமெல்லாம் நாய்க் காப்பகத்தில்தான் கிடப்பாள்.

"வில்மா அத்தை, நாய் வாங்கப் போறீங்களாமே? காப்பகத்துல நூத்திப் பத்து நிக்குது. ஒண்ணைக் கூட்டிட்டுப் போங்களேன்."

"யாரோ வளர்த்துட்டு வேணாம்னு விட்டதா? போதும்மா. ஆயுசு முழுக்க அடுத்தவங்க விட்டதைத்தான் வச்சு வாழ்ந்தேன். நாய்க்காவது நான்தான் மொத ஆளுன்னு இருக்கட்டும்."

"குட்டிங்க ராத்திரி பகலா மூத்திரம் போகும் அத்தை."

"போகட்டும். என் தரையில மொதல் மொதலா போகும்ல?"

ஆக, ஜாதி நாய்தான் என்று முடிவானது. அதுவும் விஷ்லாதான். மாக்கோ சாலையில் கேசா என்ற கிழவர் விஷ்லா வளர்க்கிறார். அவர் வீட்டில் ஒவ்வொரு ஈற்றுக்கும் ஓர் எழுத்து, அந்த ஈற்றுக் குட்டிகள் அத்தனைக்கும் அந்த எழுத்தில்தான் பெயர். யாருக்கு எந்தக் குட்டி என்பதையும் அவரே முடிவு செய்வார். பெண் கேட்டு வந்தவர்களை விசாரிப்பது போல விசாரிப்பார். வில்மாவை வாசலிலேயே நிறுத்தி, வீடு எவ்வளவு பெரிது, எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்றெல்லாம் குடைந்தார். அப்புறம் முகம் மலர்ந்தது.

"நீங்க யோலானோட தங்கச்சியா? அத மொதல்லயே சொல்லக்கூடாதா! ஜூனோ இந்த வீட்டுப் பொண்ணாச்சே. உள்ள வாங்க, உள்ள வாங்க."

இங்கேயும் அக்கா முன்னால் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் வில்மா உள்ளே போனாள். இந்த முறை எழுத்து 'ல'. கேசா அவளுக்கென்று லூட்சா என்ற பெண் குட்டியை ஒதுக்கினார். ஏழு வாரம் கழித்து, சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். "ஒரே ஒரு நிபந்தனை. மொத வருஷம் வீட்டுல வேற நாய் இருக்கக்கூடாது. இருந்தா குட்டி கிடையாது" என்றார். எனக்கு ஏது வேற நாய் என்று வில்மா சிரித்தாள்.

நாலாவது நாள் நோமி கூப்பிட்டாள்.

"அத்தை, உங்க குட்டி வர ஏழு வாரம் இருக்குல்ல? அதுவரைக்கும் ஒருத்தனை வச்சுக்கங்களேன். தற்காலிகமாத்தான். டிப்போ பின்னால திரிஞ்சவன். கூண்டுல சாப்பிட மாட்டேங்கறான்."

நாய் வளர்த்தே பழக்கமில்லாதவளுக்கு ஒரு பயிற்சியாக இருக்கட்டும் என்று வில்மா ஒப்புக்கொண்டாள். தற்காலிக வீடு என்று போட்டிருந்த தாளில் கையெழுத்திட்டாள். அதில் ஒரு வேலையும் இருந்தது. நாயை வைத்திருப்பவர்தான் அவ்வப்போது ஒரு படமும் நாலு வரியும் காப்பகத்தின் பக்கத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் கேட்டு வருவார்கள்.

வந்தவன் பெயர் மொர்ஷா. ரொட்டித் துணுக்கு என்று அர்த்தம். ஆளும் அப்படித்தான், உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கிச் சேர்த்த மாதிரி இருந்தான். மூன்று நாள் கதவோரத்திலேயே கிடந்தான். நாலாம் நாள் சோபாவின் கையைக் கடித்துப் பஞ்சை எடுத்தான். வில்மாவின் முதல் விளம்பரம்: "சோபா தின்கிறான். காது ஒன்று சரியில்லை." ஒருவரும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து இரண்டாவது: "இப்போது சோபா தின்பதில்லை. காது அப்படியேதான் இருக்கிறது." அதற்கும் யாரும் வரவில்லை.

"இப்படி எழுதினா எவன் வருவான்? உங்க குட்டி வர்றதுக்குள்ள இவனுக்கு வீடு கிடைக்கணும், இல்லன்னா திரும்பக் கூண்டுதான்" என்று நோமி சத்தம் போட்டாள். ஆறாவது வாரம் வில்மா மேஜையில் உட்கார்ந்து, யோசித்து, மூன்றாவதை எழுதினாள்.

"மொர்ஷா. வயது நாலு இருக்கலாம், கேட்டால் சொல்லமாட்டான். இடது காது நிற்கும், வலது காதுக்கு அதில் விருப்பமில்லை. டிராம் மணி கேட்டால் எங்கே இருந்தாலும் சட்டென்று உட்கார்ந்துவிடுவான், பாதை ஓரத்தில் வளர்ந்த புத்தி. தட்டை நக்கி முடித்ததும் நேரே வந்து முட்டியில் ஒரு இடி இடிப்பான். அது நன்றி. முதலில் கதவோரம் தூங்கினான், பிறகு கூடத்தில், இப்போது என் செருப்பின் மேல். அவசரக்காரர்கள் வர வேண்டாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை யோலான் புளிப்புச் செர்ரி வைத்த ரொட்டிச் சுருளோடு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கைப்பேசியை நீட்டினாள்.

"இத நீயா எழுதின?"

"பின்ன, ஆள் வெச்சா எழுதுவாங்க?"

"பஸ்ல படிச்சேன் வில்மி. இறங்க வேண்டிய இடத்தையே விட்டுட்டேன். இவனுக்கு விண்ணப்பம் போட்டுட்டேன்."

வில்மாவின் கையில் இருந்த கத்தி ரொட்டிச் சுருளின் பாதியில் நின்றது. "நாயே வேணாம்னு அழுதியே?"

"அழுதேன். இப்ப வேணும்போல இருக்கு. உனக்கென்ன வந்துச்சு? சனிக்கிழமை உனக்குப் புதுசு வருது. நீ வேணாம்னு விடறதத்தானே நான் எடுத்துக்கறேன்?"

இந்த வார்த்தையைக் கேட்க வில்மா எத்தனை வருஷம் காத்திருந்தாள்! அக்கா வந்து தன் மிச்சத்தைக் கேட்கிறாள். இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மொர்ஷா தட்டை நக்கி முடித்துவிட்டு எழுந்தான், சமையலறையைக் கடந்து போய், யோலானின் முட்டியில் ஒரு இடி இடித்தான். சோறு போட்டது யார், நன்றி யாருக்கு?

நாயை வைத்திருப்பவருக்குத்தான் முதல் உரிமை என்று மறுநாள் காலை நோமி சொன்னாள். ஆனால் புதன்கிழமை மதியத்துக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நாய் யோலானுக்கு. வைத்துக்கொள்கிறேன் என்றால் லூட்சா போச்சு, கேசாவின் நிபந்தனை அப்படி.

"எனக்கென்ன, கூட்டிட்டுப் போகட்டும்" என்றாள் வில்மா. சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு குளியல் தொட்டியை இரண்டு தடவை தேய்த்துக் கழுவினாள்.

செவ்வாய்க்கிழமை, பழகிப் பார்க்கிறேன் என்று யோலான் மொர்ஷாவை நடக்க அழைத்துப் போனாள். வில்மா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். ஐம்பத்தொன்பது வயதுப் பெண்மணி மரத்துக்கு மரம் ஒளிந்து ஒளிந்து நடப்பதைப் பார்த்து ஊரே என்ன நினைத்ததோ. பாலத்தருகே ஒரு டிராம் மணி அடித்தது. மொர்ஷா சட்டென்று உட்கார்ந்தான். யோலான் கைதட்டிச் சிரித்தாள். "எழுதினபடியே செய்யறானே!" என்று பையிலிருந்து ஒரு துண்டு சாசேஜ் எடுத்துக் கொடுத்தாள். அவன் எதற்கு உட்காருவான், எப்படி நன்றி சொல்வான், எல்லாவற்றையும் வில்மாவே வரி வரியாக எழுதி அக்கா கையில் கொடுத்துவிட்டாள். ஆறு வாரமாகத் தான் கண்டுபிடித்தது ஒவ்வொன்றையும் யோலான் ஒரு பஸ் பயணத்தில் படித்து முடித்துவிட்டாள். மரத்தடியில் நின்று வில்மா அழுதாள். கோபத்தில் வந்த அழுகைதான், ஆனால் நிறைய வந்தது.

புதன்கிழமை பதினொன்றரைக்கு மொர்ஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு காப்பகத்தில் நின்றாள். நோமி ஒரு விண்ணப்பத் தாளை நீட்டினாள். 'ஏன் இந்த நாய்?' என்ற கேள்விக்கு ஐந்து வரி இடம் விட்டிருந்தார்கள். வில்மா ஒரு வரிதான் எழுதினாள்: "என் அக்கா கேட்டுவிட்டாள்."

நோமி படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அத்தை, இதெல்லாம் ஒரு காரணமா?"

"உண்மையான காரணம்."

"இவன்மேல உயிரா இருக்கேன்னு எழுதுங்களேன். எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க."

"அது எனக்கே இன்னும் தெரியலியேம்மா. தெரியாதத எப்படி எழுதறது? முத்திரைய குத்து."

நோமி குத்தினாள். வெளியே வந்ததும் வில்மாவுக்குச் சந்தேகம் வந்தது. ஒருவேளை யோலான் கேட்காமலே இருந்திருந்தால்? வேறு யாராவது, மூக்குக் கண்ணாடி போட்ட ஏதோ ஒரு ஆசிரியர் வந்து கேட்டிருந்தால்? கையாட்டி அனுப்பியிருப்பாளா? அப்படியென்றால் இந்த நாயையும் அக்காவின் ஆசை வழியாகத்தான் அவள் ஆசைப்பட்டிருக்கிறாள். அதற்காகப் போய் லூட்சாவை விட்டுக்கொடுத்தாயிற்று. வீடு வரை இதையே போட்டு உருட்டிக்கொண்டு நடந்தாள்.

யோலானைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"எனக்குன்னு ஒண்ணு கேட்டா உனக்குப் பொறுக்காதே" என்றாள் யோலான்.

"பொறுக்காது. இப்பத்தான் தெரியுமா?"

"தெரியும்டி. பூட்ஸ் போட்ட காலத்துலேர்ந்தே தெரியும்." வைத்துவிட்டாள்.

ஆனால் கேசா ஐயா சும்மா இருப்பாரா? ஒதுக்கின குட்டி வேண்டாம் என்று வில்மா சொன்னதும் அவரே யோலானைக் கூப்பிட்டு, ஜூனோவின் பேத்தி முறை வரும் குட்டி ஒன்று இருக்கிறது, ஒரு நடை வந்து பாருங்கள் என்றிருக்கிறார். பார்க்கப் போனவள் சனிக்கிழமை மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். சேதி கேட்டதும் வில்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். லூட்சா! தன் லூட்சா! கடைசியில் புதுசு யாருக்குப் போயிற்று?

ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருக்க முடியவில்லை. மொர்ஷாவையும் கூட்டிக்கொண்டு போனாள். யோலானின் தோட்டத்தில் புல்மேல் குட்டி தன் காதையே மிதித்துக் குப்புற விழுந்து எழுந்துகொண்டிருந்தது. பட்டுத் துணி மாதிரி தோல். வேலிக்கு அப்பால் போகிறவர்கள் நின்றார்கள். "அடேயப்பா, என்ன அழகு!" மொர்ஷாவை யாரும் பார்க்கவில்லை.

"கோவமெல்லாம் போயிடுச்சு" என்றாள் யோலான், போகாத குரலில். "இந்தா, கொஞ்சம் வச்சுக்க. உனக்கு வரவேண்டியவதானே."

வில்மா நாற்காலியில் உட்கார்ந்து குட்டியை வாங்கினாள். மடியில் சூடாக இரண்டு சுற்றுச் சுற்றி, பெருமூச்சு விட்டு, தூங்கிப்போயிற்று. அதன் நெற்றியைத் தடவினாள். தப்புப் பண்ணிவிட்டேன் என்று நினைத்தாள். எரிச்சலில் எடுத்த முடிவு, புத்தியோடு எடுத்ததில்லை. இது என்னுடையதாக இருந்திருக்க வேண்டும்.

அப்போது வேலியோரம் படுத்திருந்த மொர்ஷா எழுந்தான். நேராக வந்தான். யோலான் நீட்டிய சாசேஜை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தலையை வில்மாவின் கைக்கும் குட்டிக்கும் நடுவே நுழைத்து, தடவிய கையைத் தள்ளித் தன் தலைமேல் எடுத்து வைத்துக்கொண்டான். முன்னங்கால் ஒன்றை அவள் முட்டியில் அழுத்தினான். தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. உறுமலும் இல்லை, அழுகையும் இல்லை.

"ஐயோ, இதப் பாரேன்!" என்று யோலான் கத்தினாள். "வில்மி, இவனுக்குப் பொறாமை! உனக்காகப் பொறாமைப்படறான்!"

அந்த முனகலை வில்மாவுக்கு நன்றாகவே தெரியும், ஐம்பத்தொன்பது வருஷமாக அவள் தொண்டையிலேயே இருந்ததுதான். ஆனால் இன்னொருவர் தொண்டையிலிருந்து அது தனக்காக வந்ததில்லை. அம்மாவிடமிருந்து வந்ததில்லை, எர்னோவிடமிருந்தும் வந்ததில்லை. முகமெல்லாம் சூடேறியது.

"பாவம்டி, தவிக்கிறான். குட்டிய எங்கிட்ட குடு" என்று யோலான் கை நீட்டினாள்.

"இரு, யோலி. இன்னும் கொஞ்சம் முனகட்டும்" என்றாள் வில்மா. குட்டியைத் திருப்பிக் கொடுக்க அவள் அவசரப்படவில்லை.